எந்த வேலம்பாளையம்?



திருப்பூர் அனுப்பர்பாளையத்துக்காரர்களுக்கு நெருப்பு புதிதில்லை. பாத்திரப் பட்டறைகளின் ஊர் இது. பித்தளையும் செம்பும் தட்டித் தட்டிக் குடமாகவும் அண்டாவாகவும் ஆன வீதிகள். விடிகாலையில் அந்தத் தட்டுச் சத்தத்தில்தான் நான் கண் விழித்து வளர்ந்தேன். உலை மூட்டியவர் அது ஆறும் வரை பக்கத்தை விட்டு நகரமாட்டார். பிறகு எவர்சில்வர் வந்தது. பட்டறைகளுக்கு நடுவே பனியன் கம்பெனிகளும் வந்தன. இன்று ஒரு வாசலில் வெல்டிங் பொறி பறக்கிறது, அடுத்த வாசலில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அந்த வழியாக நடக்கும்போதெல்லாம் எனக்குத் தீயணைப்பு நிலையத்துக்காரர்களின் நினைவு வரும்.

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைப் புத்தாண்டு. அதே நாளில் தீயணைப்பு நிலையங்களில் நீத்தாருக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். 1944ஆம் ஆண்டு அந்த நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் வெடித்தது. கராச்சியில் ஏற்றிய பருத்திப் பேல்களும் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் அந்த ஒரே கப்பலில் இருந்தன. ஆபத்தான சரக்கு இருப்பதைச் சொல்லும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. பருத்தியில் பிடித்த தீயை அணைக்கப் போனவர்களில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த நாளில் தொடங்கும் ஏழு நாளும் தீத்தொண்டு வாரம். பள்ளிக்கூடத்திலும் மில்லிலும் வந்து செயல்விளக்கம் காட்டுவார்களே, அது இந்த வாரத்தில்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த வீரர்களுக்கு நேரத்தோடு தெரிந்திருந்தால்? இந்தக் கேள்வி என்னை விடுவதே இல்லை. நம்மூர் குடோன் ஒன்று எரியும்போது வண்டியிலிருந்து குதிப்பவருக்கும் அதே நிலைதான். துணி என்று நினைத்து உள்ளே போவார். மூலையில் பிரிண்டிங்குக்கு வாங்கிய தின்னர் கேன் இருக்கும், டீ போடும் சிலிண்டர் இருக்கும். வண்டி வந்து நின்றதும் முதலாளியோ மேனேஜரோ முன்னால் வந்து, “உள்ளே இன்னது இருக்குதுங்க, இத்தனை பேர் இருக்காங்க, மெயின் சுவிட்ச் இந்தப் பக்கம்” என்று சொல்லிவிட்டால் அதுவே பெரிய உதவி.

பஞ்சுத் தீ தனி ரகம். பேலுக்குள் விழுந்த பொறி உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு போகும். மேலே தண்ணீர் அடித்தால் அணைந்த மாதிரி தெரியும், மறுநாள் அதே பேல் மறுபடியும் புகையும். அதனால் ஒவ்வொரு பேலாக வெளியே இழுத்துப் போட்டு, பிரித்து, நனைத்தாக வேண்டும். விடிய விடிய நடக்கிற வேலை இது. வண்டித் தண்ணீர் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அப்போது தண்ணி லாரிக்காரர்களும், சம்ப்பைத் திறந்துவிடுகிற பக்கத்துக் கம்பெனிக்காரர்களும்தான் துணை.

2023 ஜூன் மாதம் ஓர் இரவில் காதர்பேட்டை பனியன் பஜாரில் ஏறத்தாழ 50 கடைகள் எரிந்துபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 ஜூலையில் எம்.ஜி.ஆர். நகரில் சிலிண்டர்கள் வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட தகரக் கொட்டகை வீடுகள் சாம்பலாயின. பிழைக்க வந்தவர்களின் வீடுகள் அவை.

அவர்களை நினைத்துத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். தீ பிடித்ததும் 101 அல்லது 112. இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். மறுமுனையில் இருப்பவருக்கு நம் ஊர் தெரியாமல் இருக்கலாம் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். “எங்கே?” என்று கேட்பார். “வேலம்பாளையம்” என்று பதறிச் சொல்வோம். எந்த வேலம்பாளையம்? நம் பக்கத்தில் இருப்பது 15 வேலம்பாளையம். பல்லடம் பக்கம் 63 வேலம்பாளையம் இருக்கிறது. அனுப்பர்பாளையம் என்றால் சரியாகிவிட்டதா? அனுப்பர்பாளையம்புதூரும் இருக்கிறதே! வந்து ஆறு மாதமான பீகார் பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்தது சூப்பர்வைசர் அண்ணனின் பெயரும் கம்பெனி வேன் நிற்கிற இடமும்தான். ராத்திரி ஷிப்டில் அவன்தான் முதலில் புகையைப் பார்ப்பான்.

தீயணைப்புத் துறை தன் பங்குக்கு, தயங்காமல் கூப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பு மதராஸ் நகரத்துக்கென்று 1908இல் தொடங்கிய படை, இன்று மாநிலம் முழுவதற்குமான தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. ‘தீ’ என்றே ஒரு கைபேசிச் செயலி வைத்திருக்கிறார்கள். கிணற்றில் விழுந்த மாட்டை மேலே கொண்டுவர, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிக்க, வீங்கிய விரலில் மாட்டிய மோதிரத்தை வெட்டியெடுக்க என்று எதற்குக் கூப்பிட்டாலும் வருகிறார்கள், ஆபத்துக்கு வருவதற்குக் காசு கேட்பதில்லை. இருந்தும், கூப்பிட்டால் பில் வரும், கேஸ் வரும் என்று தயங்கி, தாங்களே அணைத்துவிடலாம் என்று நேரத்தைப் போக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அணைக்க ஒருவர், போன் செய்ய ஒருவர். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கட்டும்.

போன் செய்தால் மட்டும் போதாது, வெளியேறும் வழியும் திறந்திருக்க வேண்டும். நான் செக்கிங் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், அயர்ன் டேபிளில் தீப்பிடித்தது. சின்னத் தீதான். ஆனால் ஏற்றுமதி அவசரத்தில் பின்பக்கப் படிக்கட்டு முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தோம். அடுக்கியதில் என் கையும் உண்டு. எழுபது பேர் ஒரே வாசலுக்கு ஓடினோம். ஓர் அக்காவின் கை முறிந்தது. தீ யாரையும் தொடவில்லை.

நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனியில் 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். எட்டாவது மாடியில், கட்டிங் டேபிளுக்குக் கீழே கிடந்த வேஸ்டில் தொடங்கிய தீ. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு வண்டி விரைந்து வந்தும் அதன் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. நூறு வருடம் கழித்து, 2012 நவம்பரில், டாக்கா பக்கத்தில் தஸ்ரீன் தொழிற்சாலையில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். நம் மெஷின்களில் தைப்பது மாதிரியேதான் அங்கேயும் தைத்தார்கள்.

நாளைக் காலை வேலைக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். பஞ்ச் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டை மாட்டுங்கள். கம்பெனியின் பெயர், ஊரின் முழுப் பெயர், வீதி, கதவு எண், பெரிய வண்டி எந்தப் பக்கமாக உள்ளே வரலாம் என்ற குறிப்பு, 101. தமிழில் ஒரு வரி, அதற்குக் கீழே இந்தியில் ஒரு வரி. இந்தியில் எழுத அந்தப் பீகார் பையனையே கூப்பிடுங்கள். எழுதி முடித்ததும் அவனையே சத்தமாக ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள், 15 என்ற எண்ணையும் சேர்த்து.