வெயில் படாத ஈர மூலைக்கு எந்தப் பூச்செடி?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பி பிளாக் பின்புறத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெயில் படாது. ஏசி தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாசி வழுக்கும். அதைச் சிமென்ட் போட்டு மூடிவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. மூடினால் அங்கே மழைத்தண்ணீர் மண்ணில் இறங்காது. போர்வெல்லை நம்பியிருக்கும் நமக்கு அது நஷ்டம். ஒரு மழைக்காலம் பொறுங்கள் என்று கேட்கத்தான் எழுந்தேன்.

அங்கே மல்லிகையும் செம்பருத்தியும் வைத்தோம், பூக்கவில்லை. இரண்டுமே வெயில் செடிகள். இடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, தேர்வுதான் தவறு.

செடி வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், ஈரம் எங்கிருந்து வருகிறது? குழாய்க் கசிவு என்றால் முதலில் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். கசிவைச் செடி சரிசெய்யாது.

இரண்டாவது, தண்ணீர் இறங்குகிறதா? ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் நின்றால் பெரும்பாலான செடிகளுக்கு வேர் அழுகும். பெரம்பலூர் பக்கத்துக் கரிசல் மண்ணில் இது சகஜம். மணலும் மக்கிய உரமும் கலந்து அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். சுவரை ஒட்டி மண்ணைக் குவிக்காதீர்கள், சுவர் ஓதம் ஏறும். இரண்டடி தள்ளியே இருக்கட்டும்.

மூன்றாவது, மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா? அரியலூர் ஒரு காலத்தில் கடலடியில் இருந்த பூமி. அந்தச் சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. அந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் இட்லிப்பூச் செடியின் இலை மஞ்சளாகும். ஊட்டியில் பார்த்து ஆசைப்படும் ஹைட்ரேஞ்சியாவுக்கும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலை மஞ்சளாகும்.

சரி, எதை வைப்பது?

தண்ணீர் சற்றுத் தேங்கும் இடத்தில் ஸ்பைடர் லில்லி வையுங்கள். கல்வாழையும் வரும். ஆனால் மூன்று, நான்கு மணி நேர வெயிலாவது இல்லாவிட்டால் அதில் இலைதான் மிஞ்சும்.

காலை வெயில் கொஞ்சம் விழுந்து, தண்ணீரும் வடிகிற இடத்துக்குக் கனகாம்பரம், டிசம்பர் பூ, காசித்தும்பை.

வெயிலே படாத, ஆனால் வெளிச்சம் உள்ள இடத்துக்கு மேட்டுப்பாத்தியில் பீஸ் லில்லி.

ஓர் எச்சரிக்கை. பீஸ் லில்லி இலையைக் கடித்தால் வாய் எரியும். ஸ்பைடர் லில்லிக் கிழங்கு நஞ்சு. குழந்தைகள் விளையாடும் ஓரத்தில் இவை வேண்டாம்.

கொசு வரும் என்ற பயம் நியாயமானது. டெங்கு கொசு தேங்கிய தண்ணீரில் முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஈர மண்ணில் அது வளராது. தொட்டித் தட்டிலும் தேங்காய்ச் சிரட்டையிலும்தான் வளரும். வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துவிட்டால் போதும்.

சிமென்ட்டை எப்போது வேண்டுமானாலும் போடலாம், போட்டபின் எடுப்பதுதான் கஷ்டம். இந்த ஞாயிறு காலை குழி தோண்டப் போகிறேன். ஒரு மண்வெட்டியோடு இரண்டு பேர் வந்தால் போதும்.