மார்மைட் தீர்த்த சோகை

பம்பாய் பஞ்சாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் பலருக்குக் கர்ப்பகாலத்தில் கடும் இரத்தசோகை வந்துகொண்டிருந்த காலம் அது. காரணத்தைக் கண்டறிய 1928இல் இங்கிலாந்திலிருந்து வந்தார் மருத்துவர் லூசி வில்ஸ். இரும்புச்சத்து குறைந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இந்தப் பெண்களின் இரத்தத்திலோ அவை பெருத்திருந்தன.

கிருமிகளைத் தேடிப் பார்த்தும் பிடிபடவில்லை. அதன்பிறகு வில்ஸின் கவனம் அவர்களின் சாப்பாட்டுத் தட்டுக்குத் திரும்பியது. அதில் காய்கறியும் பழமும் அரிதாகவே இருந்தன. ஆய்வு பம்பாயோடு நிற்கவில்லை. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும், இன்றும் சென்னைவாசிகள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் திருவல்லிக்கேணி மருத்துவமனைக்கும் வந்தது. அந்தப் பெண்கள் சாப்பிட்டதைப் போன்ற உணவை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துச் சோதித்தார்கள். கடைசியில் சோகையைத் தீர்த்தது விலை மலிவான மார்மைட். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் ஈஸ்ட் சாறுதான் அது! 1931இல் வில்ஸ் இதை வெளியிட்டார். ஆனால் அதற்குள் இருந்த சத்து எது என்பது அவருக்கும் தெரியாது.

பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தார்கள். ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த லெடர்லே ஆய்வகத்தை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

உடலில் புதிய செல் உண்டாகும்போதெல்லாம் டி.என்.ஏ.வைப் படியெடுக்க ஃபோலேட் எனப்படும் இந்தச் சத்து வேண்டும். அதனால்தான் ஓயாமல் இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையிலும், வேகமாக வளரும் கருவிலும் பற்றாக்குறை முதலில் தெரிகிறது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் நான்காவது வாரத்துக்குள் மூடிவிட வேண்டும். தான் கர்ப்பம் என்றே பல பெண்களுக்கு அப்போது தெரிந்திருக்காது. நரம்புக்குழாய் சரியாக மூடாத குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற பெண்களிடம் பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் நடந்த ஆய்வு 1991இல் வெளியானது. ஃபோலிக் அமில மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தக் குறை மீண்டும் வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

மற்றவர்களுக்குச் சமையலறையே போதும். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, கீரை, ஆட்டு ஈரல், ஆரஞ்சு என எல்லாவற்றிலும் ஃபோலேட் உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரையும், நீண்ட நேரச் சூட்டில் அழியும். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டும் வீடுகளில் சத்தில் ஒரு பங்கு சாக்கடைக்குத்தான் போகிறது. அளவாகத் தண்ணீர் விட்டு, வெந்த தண்ணீரோடு கீரையை மத்தால் கடைவதுதான் கெட்டிக்காரச் சமையல்.

மாத்திரையில் ஓர் எச்சரிக்கை உண்டு. வைட்டமின் பி12 குறைந்தாலும் சிவப்பணுக்கள் இப்படித்தான் பெருக்கும். அந்த நிலையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் சோகை மறையலாம். நரம்புகளின் சேதம் மட்டும் சத்தமின்றித் தொடரும். சைவ உணவுக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் பி12 பற்றாக்குறை எளிதில் வரும் என்பதால், அவர்கள் மருந்துக்கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்குவதற்கு முன்பு இரண்டு சத்துகளின் அளவையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுவது நல்லது.