கொறங்காடும் ஜீவதயையும்



வறண்ட நிலத்தில் மரம் வளர்த்து வாழ்வு காப்பது எங்ஙனம் என்னும் வினாவிற்குக் கொங்குநாட்டிலேயே விடையுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளில் உழவர் கண்ட மேய்ச்சல்நில முறையே கொறங்காடு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். மழைக்குப் பின் புல்லும், கோடையில் வெள்வேலங்காயும் காங்கேயம் மாடுகளையும் ஆடுகளையும் காக்கின்றன. வெள்ளாமை பொய்த்த ஆண்டிலும் கால்நடையால் குடும்பம் நிலைபெறுகிறது.

ஓரறிவுயிரையும் உயிரென மதிப்பது சமணம். விஜயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் கொண்ட கொங்கு மண்ணில், ஆண்டுதோறும் உழாது, மண்வாழ் சிற்றுயிர்களைச் சிதைக்காது பயன்கொள்ளும் இம்முறை அவ்வறத்தோடு இயைந்தது. ஒரு காட்டை மேய்த்தபின் மறுகாட்டிற்கு மாறி, புல் தழைக்கக் காத்திருப்பது அளவறிந்து கொள்ளும் அபரிக்கிரகம் அன்றோ?

இன்றோ கொறங்காடுகள் பல வீட்டுமனைகளாகின்றன. வருவாய் குன்றிய உழவர் வேறென் செய்வார்? கோசாலைக்குத் தீவனம் அளிப்பது ஜீவதயை. அத்தீவனம் விளையும் நிலத்தைக் காப்பது அதனினும் நீடிய ஜீவதயை. கோசாலைகள் அவ்வுழவரிடமே நல்விலைக்குத் தீவனம் கொள்ளுமாயின், மரமும் மாடும் மனையறமும் ஒருங்கே தழைக்கும்.