தாய்ச் செடியும் சேய்ச் செடியும்



நிலமில்லாதவர்க்குத் தோட்டமில்லை என்பது பழைய எண்ணம். யன்னலோரத்திலே நான்கு பூச்சாடிகள் வைக்க இடமிருப்பின், செடிகளைப் பெருக்கவும் புதியனவற்றைப் பிறப்பிக்கவும் எவரும் முயலலாம். பெருக்குதல் வேறு, பிறப்பித்தல் வேறு. அவ்வேற்றுமையே இப்பேச்சின் பொருள்.

ஆபிரிக்க வயலற் என்னும் சிறு செடியை எடுத்துக்கொள்வோம். இன்று தன்சானியாவைச் சேர்ந்துள்ள உசம்பாரா மலைப்பகுதியிலிருந்து, 1892ஆம் ஆண்டளவில், சென் போல் என்னும் ஜேர்மன் அதிகாரியால் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டது இது. இதன் முற்றிய இலையொன்றைக் காம்புடன் கொய்து, காம்பின் அடியைச் சரிவாக வெட்டி, ஈரமணலில் ஊன்றி, மேலே கண்ணாடிக் குவளையொன்றைக் கவிழ்த்துவிடுங்கள். நேர்வெயில் படலாகாது. சில வாரங்களில் வேரும், பின்னர் காம்படியிலே குருத்துக்களும் தோன்றும். அவை பெரும்பாலும் தாயின் மறுபதிப்புக்களே. இத்தகைய வழித்தோன்றல்களுக்கு, சிறு கொம்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும், 1903இல் வெபர் என்னும் அமெரிக்க அறிஞர் ‘குளோன்’ என்ற பெயரை ஆக்கினார்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. மஞ்சட் கரையிட்ட மருளின் இலையைத் துண்டாக்கி நட்டால், கரையற்ற பச்சைச் செடியே முளைக்கும். அவ்விலையின் இழையங்கள் ஒரே வகையினவல்ல. புதுக்குருத்து பச்சை இழையத்தினின்றே எழுகின்றது. கரையும் வேண்டுமாயின், நிலக்கீழ்த் தண்டைப் பிரித்து நடுதல் வேண்டும்.

இனி, பிறப்பித்தல். வெவ்வேறு நிறமுடைய இரு வயலற் செடிகளுள், ஒன்றன் மகரந்தத்தை மற்றொன்றன் குறியிலே தடவுங்கள். காய் தோன்றி முற்றி உலரப் பல மாதங்கள் செல்லும். தூள் போன்ற விதைகளை மண்ணால் மூடாது, ஈரமண்ணின்மேல் தூவுங்கள். நாற்றுக்கள் ஒன்றுபோல் ஒன்றிரா. பல, தாயினும் அழகிற் குறைந்தனவாக இருக்கலாம். சிறந்ததொன்று கிடைத்தால், அதனை இலைமூலம் பெருக்கிக்கொள்ளலாம்.

இலைவழி எளிதாயிருக்க, விதைவழி எதற்கு எனக் கேட்பீர்கள். அயர்லாந்தின் வரலாறு அதற்கு விடை கூறும். அங்கு ஏழை மக்கள், கிழங்குமூலமே பெருக்கப்பட்ட ‘லம்பர்’ என்னும் ஓரின உருளைக்கிழங்கையே பெரிதும் நம்பியிருந்தனர். 1845இல் வெளிறல் நோய் வந்தபோது, அதனை எதிர்த்து நிற்கும் ஆற்றல் அவ்வினத்தில் எச்செடிக்கும் இருக்கவில்லை. ஆட்சியாளரின் தவறுகளும் சேர்ந்துகொள்ள, ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் பசிக்கும் பிணிக்கும் இரையாயினர். ஒரு குளோனைக் கொல்லும் நோய், அதன் உடன்பிறப்புக்கள் அனைத்தையும் கொல்லவல்லது. நாற்றுக்களிடையேயுள்ள வேற்றுமையோ, சிலவற்றையேனும் காக்கக்கூடும்.

ஆகவே, நேயர்களே, விரும்பிய செடியை இலையால் பெருக்குங்கள், அயலாருக்கும் கொடுங்கள். ஆயின், ஆண்டுக்கொரு காயையேனும் முற்றவிட்டு, அதன் விதையை முளைக்கவையுங்கள். ஒவ்வொரு சாடியிலும் பெற்றோரின் பெயரையும் நட்ட நாளையும் எழுதி வையுங்கள். எச்சேர்க்கை எதனைத் தந்தது என்பதை அக்குறிப்பே உங்களுக்குக் கற்பிக்கும்.