படகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகலையா? வரிசையாகப் பாருங்கள்

(பனமலையில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



மேலே ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயில், கீழே ஏரி. இங்கே நின்னுக்கிட்டு கடல் படகு எஞ்சினைப் பத்திப் பேசலாமான்னு கேட்பீங்க. தாராளமா பேசலாம். நம்ம விழுப்புரம் மாவட்டத்துக்கு மரக்காணம் பக்கம் கடற்கரை இருக்கு. அங்கே படகுக்குள்ள ஓடுற டீசல் எஞ்சினும், இங்கே கிணத்து மேட்டில் ஓடுற ஆயில் எஞ்சினும் வேலை செய்யுற விதத்தில் ஒண்ணுதான். ஆனா வயலில் எஞ்சின் நின்னா தண்ணி பாய்ச்சுறது ஒரு நாள் தள்ளிப்போகும். கடலில் நின்னா ஆள் கரை சேருறதே கேள்வியாயிடும்.

அதனால் நான் சொல்ல வந்தது ஒண்ணுதான்: எந்தப் பாகத்தையும் மாத்துறதுக்கு முன்னாடி, வரிசையாப் பார்த்து, என்ன குறையுதுன்னு கண்டுபிடிங்க.

டீசலா, பெட்ரோலா?

"இக்னிஷன் கோளாறு"ன்னு பொதுவா சொல்லிடுறோம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துற அழுத்தத்தில் அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகுது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினதும் தானாப் பத்திக்குது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டின எஞ்சினிலிருந்து இன்னிக்கு வரைக்கும் அடிப்படை அதேதான். ஆகவே டீசல் எஞ்சின் எடுக்கலைன்னா மூணு கேள்வி: வேகமாச் சுத்துதா? டீசல் வருதா? கம்ப்ரஷன் இருக்கா?

பெட்ரோல் எஞ்சினுக்கு இதோடு நாலாவது கேள்வியும் உண்டு: பிளக்கில் கரண்ட் வருதா?

டீசல் எஞ்சின்: புகையைப் பாருங்கள்

முதலில் பேட்டரி. சும்மா இருக்கும் 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டணும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினா பேட்டரி பலவீனம், இல்லேன்னா சார்ஜ் இல்லை. உப்புக் காத்தில் டெர்மினலில் பச்சை பூத்திருக்கும். கழட்டிச் சுரண்டி, இறுக்கி மாட்டுங்க. பாதிக் கோளாறு இங்கேயே தீர்ந்திடலாம்.

நல்லாச் சுத்தியும் எடுக்கலையா? சைலன்ஸர் வாயைப் பாருங்க. புகையே வரலைன்னா டீசல் சிலிண்டருக்குப் போகலை. வெள்ளைப் புகை வந்தா டீசல் போகுது, ஆனா எரியலை. எஞ்சின் குளிர்ந்திருக்கலாம், கம்ப்ரஷன் குறைஞ்சிருக்கலாம், டீசலில் தண்ணி கலந்திருக்கலாம்.

புகை இல்லைன்னா இந்த வரிசையில் போங்க: ஸ்டாப் லிவர் இழுத்தபடியே இருக்கா? டேங்க் வால்வு திறந்திருக்கா? டேங்க் மூடியில் காத்து போற துளை அடைச்சிருக்கா? அப்புறம் ஃபில்டர். அதன் அடியில் இருக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடிங்க. தண்ணி இருந்தா அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்க.

அடுத்து ஏர் எடுக்கணும். ஃபில்டர் மேலே இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்பை அடிங்க. குமிழி இல்லாம டீசல் வந்ததும் இறுக்குங்க. பம்ப்பிலும் அதே மாதிரி. இத்தனையும் செஞ்சு, அரை மணி நேரத்தில் திரும்பவும் ஏர் லாக் ஆனா, எங்கேயோ ஹோஸ் வெடிச்சிருக்கு, இல்லேன்னா கிளிப் தளர்ந்திருக்கு. நாசில் பீய்ச்சுற இடத்தில் மட்டும் கையை நீட்டாதீங்க. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய காயம் அது.

படகுக்கே உரிய ஒரு ஆபத்து

கிணத்து மேட்டு எஞ்சினில் இல்லாத சிக்கல் ஒண்ணு படகில் இருக்கு. சில எஞ்சின்களில் கடல் தண்ணியை இழுத்துக் குளிர்வித்து, அதைப் புகையோடு சேர்த்து வெளியே தள்ளும் அமைப்பு உண்டு. எஞ்சின் எடுக்காம செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருந்தா, பம்ப் தண்ணியை இழுக்கும். ஆனா அதை வெளியே தள்ளப் புகையின் வேகம் இருக்காது. தண்ணி சைலன்ஸரில் நிறைஞ்சு, சிலிண்டருக்குள்ளேயே ஏறிடும். சின்னக் கோளாறு பெரிய செலவாகிடும். அதனால் ரெண்டு மூணு தடவை அடிச்சும் எடுக்கலைன்னா, கடல் தண்ணி வால்வை மூடிட்டு முயற்சி பண்ணுங்க. எஞ்சின் எடுத்த அந்த நொடியே திறந்திடுங்க. பத்து செகண்டுக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்க வேண்டாம்.

பெட்ரோல் எஞ்சின்: முதலில் மூக்கு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. எஞ்சின் படகுக்குள்ளேயே இருந்தா, அந்த ஆவி அடியில் போய்த் தேங்கும். அங்கே பிளக்கைக் கழட்டிப் பொறி விட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. முதலில் எஞ்சின் மூடியைத் திறங்க, முகர்ந்து பாருங்க, புளோயர் இருந்தா குறைஞ்சது நாலு நிமிஷம் ஓட்டுங்க. பெட்ரோல் வாடை கொஞ்சம் அடிச்சாலும் ஸ்பார்க் சோதனை வேண்டாம்.

வாடை இல்லைன்னா, முதலில் கில் ஸ்விட்ச் கயிறு மாட்டியிருக்கா பாருங்க. அப்புறம் பிளக்கைக் கழட்டுங்க. நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, கரண்ட்தான் சந்தேகம். காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வரலை. கரண்ட் வருதான்னு பார்க்க, மூடிய ஸ்பார்க் டெஸ்டர் வச்சுப் பாருங்க. எல்லா சிலிண்டரிலும் கரண்ட் இல்லைன்னா கில் ஸ்விட்ச், ஃபியூஸ், சாவி ஸ்விட்ச். ஒண்ணில் மட்டும் இல்லைன்னா அந்தப் பிளக், வயர், காயில். ஒரே மாதிரி காயில்கள் இருந்தா பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் பாருங்க. கோளாறும் கூடவே போனா, காயில்தான் போச்சு. காசு கொடுக்காமலே தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு. சென்னை புதுப்பேட்டையில் கார் செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் மலிவாக் கிடைக்கும்; அளவும் சரியா உட்காரும். பெட்ரோல் படகில் அதை மாட்டாதீங்க. படகுக்குன்னு செய்யுறதில் உள்ளே வர்ற பொறி வெளியே போகாதபடி அடைச்சிருப்பாங்க. காரில் அந்த அவசியம் இல்லை. கொஞ்சம் மிச்சம் பிடிக்கப்போய் படகே எரிஞ்சிடும்.

கையிலிருக்கும் போனும் ஒரு கருவி

வயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. எஞ்சின் பெயர்ப் பலகையை ஒரு படம். செல்ஃப் சத்தத்தையும் புகையையும் ஒரு நிமிஷ வீடியோ. கரையில் இருக்கும் மெக்கானிக்குக்கு அனுப்பினா, எந்த உதிரிப்பாகம் தேவைன்னு நேரில் வராமலே சொல்லிடுவார்.

கடலில் எஞ்சின் நின்னா, ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி நங்கூரத்தைப் போடுங்க. படகு இழுத்துக்கிட்டுப் போகக் கூடாது. அரை மணி நேரத்தில் சரியாகலைன்னா, வெளிச்சமும் போன் சார்ஜும் இருக்கும்போதே தகவல் சொல்லுங்க: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093. கரையை விட்டு விலகினா போன் டவர் கிடைக்காது, அங்கே வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 16. கிளம்புறதுக்கு முன்னாடி வானிலை எச்சரிக்கை இருக்கான்னு பாருங்க.

நம்ம கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வலையைப் போலவே எஞ்சினுக்கும் பராமரிப்பு பாருங்க: ஃபில்டர், ஹோஸ், பேட்டரி டெர்மினல், இம்பெல்லர். ஒரு ஃபில்டர், ரெண்டு ஹோஸ் கிளிப், ஒரு ஃபியூஸ், பெட்ரோல் எஞ்சின்னா ஒரு செட் பிளக்: இவ்வளவும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் படகிலேயே இருக்கட்டும்.