அச்சு ஏன் களைக்கிறது?



கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயில் பாதையில் ஏறத்தாழ 290 கிலோமீற்றர். கோச்சியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு மூன்று மீற்றர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், பாதை சுற்றிவரும் தெமோதரை வளையமும் தாண்டி வந்து சேர்வதற்குள் அது சுமார் ஒரு லட்சம் சுற்றுச் சுற்றிவிடும். பாரம் தாங்கும் அச்சில் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நெருக்குப்படும். அரைச் சுற்றில் இரண்டும் இடம் மாறும். ஆக, ஒரு பயணத்தில் ஒரு லட்சம் தடவை வளைவு.

ஒருமுறை தாங்கிய பாரத்தையே பல லட்சம் முறை ஏற்றினால் இரும்பு உடையலாம். இதுதான் உலோகக் களைப்பு. 1842இல் பிரான்சின் வெர்சாய் அருகே எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பின்னர் ஜெர்மன் ரயில்வே பொறியியலாளர் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றியே சோதித்து, 1870இல் முடிவுகளை வெளியிட்டார்.

இழுத்து உடைத்துப் பார்க்கும் வழக்கமான இயந்திரம் இந்தக் களைப்பைக் காட்டாது. ஆனால் பட்டறையில் இருக்கும் லேத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வழுவழுப்பாகத் தேய்த்த கம்பியின் ஒரு முனையை லேத் பிடிக்கும். மறுமுனையில் பேரிங் மாட்டி, அதில் எடைக்கல்லைத் தொங்கவிட வேண்டும். கல் அசையாது, கம்பி சுழலும். ஒவ்வொரு சுற்றும் ஒரு முழு வளைவு. சுற்றுகளை எண்ண ஒரு கருவியும், கம்பி முறிந்ததும் மோட்டாரை நிறுத்த ஒரு சுவிட்சும் போதும். துண்டு தெறிக்கும் என்பதால் கம்பிவலை மறைப்பு கட்டாயம்.

நிமிடத்துக்கு 1,400 சுற்று என்றால் பத்து லட்சம் சுற்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம். கோச்சிக்கோ அது பத்துப் பயணம். எடையைக் குறைத்துக் குறைத்துப் புதுப்புதுக் கம்பிகளை ஓடவிட்டால், உருக்கில் ஒரு எல்லை தென்படும். அதற்குக் கீழான பாரத்தில் ஒரு கோடி சுற்றிலும் கம்பி முறியாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. கம்பி அச்சுக்கோட்டை விட்டுச் சற்று விலகி ஆடினாலும், மேலே சிறு கீறல் இருந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும்.

தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலரின் கிராங்கும் இப்படித்தான் களைக்கும். அது முறிந்தால் உடனே வெல்டிங்குக்கு அனுப்பாதீர்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள். வழுவழுப்பான பரப்பில் வளைவு வளைவாகக் கோடுகளும், ஒரு பக்கம் சொரசொரப்பும் இருந்தால், விரிசல் நாளாக நாளாக வளர்ந்து கடைசியில்தான் முறிந்திருக்கிறது. அப்படியென்றால் அதே வயதுள்ள மற்ற ரோலர்களின் கிராங்குகளையும், ஊவாவின் ஜூலை–செப்டெம்பர் தேயிலைப் பருவம் தொடங்கும் முன்பே, விரிசல் இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள்.