காலை வெயிலும் நாற்பத்தைந்து வயதும்



பெண்களின் மனச்சோர்வையும் உடற்கடிகாரத்தையும் பற்றிய இந்தக் கருத்தரங்கை மதுரையில் கூட்டியது பொருத்தம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்ததோடு நிற்கவில்லை. பகலிரவு தெரியாத தனியறையில் மனிதர்களையும் தங்கவைத்துப் பார்த்தார். அப்படித் தங்கிய ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுற்று அவரது தூக்க விழிப்புச் சுற்றோடு பிணைந்து ஓடவில்லை என்று அவர் குழு 1991இல் ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் எழுதியது.

இன்று நாம் பேசுவது அந்தச் சுற்று நிற்கப்போகும் ஆண்டுகளைப் பற்றி. அப்போது ஈஸ்ட்ரோஜன் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. நடுராத்திரியில் அந்தப் பெண்ணுக்கு உடம்பு குபீரென்று கொதிக்கும், ரவிக்கை நனையும், எழுந்து ஃபேனைக் கூட்டிவைத்து உட்கார்ந்திருப்பார். மறுநாள் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார், தனியே அழுவார். நம்மிடம் வந்து “தூக்கமே இல்லைங்க டாக்டர்” என்பதோடு சரி. மனச்சோர்வு என்ற சொல் அவர் வாயில் வராது, நாமும் கேட்பதில்லை. தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம்.

சான்டியாகோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பார்பரா பாரி குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். இப்பருவத்தில் மனச்சோர்வுற்ற பெண்களுக்கு இரவில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் கூடுதலாக இருந்தது. காலையில் அது அடங்கவும் தாமதமானது. விடிந்த பிறகும் உடலுக்குள் இரவு முடியவில்லை என்று இதைப் புரிந்துகொள்கிறேன். பிரகாசமான வெளிச்சம் மெலட்டோனினை அடக்கும் என்பதை ஆல்ஃபிரட் லூயி குழு 1980இலேயே காட்டிவிட்டது. காலை வெளிச்சம் உடற்கடிகாரத்தை முன்னே நகர்த்தும், இரவு வெளிச்சம் பின்னே தள்ளும். அதனால் வெளிச்சத்தைச் சிகிச்சையாகத் தரும்போது நேரம் தவறினால் அதுவே கேடாகலாம்.

பாரி குழுவின் சிகிச்சை முறைகளில் ஒன்று, ஓர் இரவு மட்டும் ஒன்பது மணிக்குப் படுத்து ஒரு மணிக்கு எழுவது. அதன்பின் வெளிச்சச் சிகிச்சை. நம் ஊரில் எந்த வீட்டில் ஒன்பது மணிக்குப் படுக்க விடுகிறார்கள்? கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, மாவைக் கரைத்து மூடிவைக்கவே பதினொன்றாகிறது. ஐந்துக்கு எழ வேண்டும்.

வழக்கமான சிகிச்சை விளக்கு 10,000 லக்ஸ், காலையில் அரை மணி நேரம். நம் வாசலில் காலை எட்டு மணி வெயில் அதைத் தாண்டும், காசும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நம்மிடம் வரும் பெண் நிற்பது சமையலறை ட்யூப்லைட்டின் கீழ். அங்கே சில நூறு லக்ஸ் தேறினாலே அதிகம். அதனால் விளக்கு வாங்கச் சொல்லும் முன், அந்த அரை மணி நேரம் அடுப்பை வேறு யார் பார்ப்பார் என்று வீட்டாரைக் கேளுங்கள். இருமுனை மனநோய், விழித்திரை நோய் உள்ளவர்களுக்கு இச்சிகிச்சையில் தனிக் கவனம் வேண்டும். நோய் கடுமையானால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வுப் படிவத்தில் படுக்கும் நேரம், எழும் நேரம், காலையில் முதன்முதலாக வெளியே வந்து வெளிச்சத்தில் நிற்கும் நேரம், இந்த மூன்றையும் சேருங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.